மறு: ‘வைரலாஜிக்கல் சினாப்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு செல்லிலிருந்து ஒட்டிய செல்லுக்கு எச்.ஐ.வி. நேராகப் போவதற்குத் ‘தொடுபரவல்’ என்றே முடிவாகிவிடும்போல் தெரிவதால் இன்று எழுதுகிறேன். அந்தச் சொல் வேண்டாம். காரணத்துக்கு முன், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த இருவர் தனிமடலில் கேட்டிருந்தார்கள்.

எச்.ஐ.வி. இரத்தத்தில் மிதந்து போய், எதிர்ப்படும் வெள்ளை அணுவைப் பிடிக்கிறது என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். அதுவும் நடக்கிறது. ஆனால் அப்படி மிதப்பவற்றில் பெரும்பாலானவை எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாமலே வீணாகிவிடும். நிணநீர் முடிச்சுகளில் நிலைமை வேறு. அங்கே டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. தொற்றுள்ள செல்லின் மேற்பரப்பில் வைரஸின் உறைப் புரதமான ஜிபி120 நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வரும் நல்ல செல்லின் மேல் உள்ள சிடி4 என்ற புரதம் அதில் மாட்டிக்கொள்கிறது. மாட்டியதும், தொற்றுள்ள செல்லின் உள்ளே இருக்கும் காக் என்ற புரதம் ஒட்டிய பக்கமாகத் திரள்கிறது. புது வைரஸ்களைக் கட்டுவது அந்தப் புரதம்தான். அங்கேயே வைரஸ்கள் மொட்டுவிட்டு, நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லைச் சேர்கின்றன. இரண்டு செல்லும் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை. வேலை முடிந்ததும் பிரிந்தும் போகலாம்.

2009-இல் காக் புரதத்தைப் பச்சையாக ஒளிரவைத்து, இந்த நிகழ்வை நியூயார்க், கலிபோர்னியா ஆய்வாளர்கள் முப்பரிமாணப் படமாகவே எடுத்தார்கள். ஒட்டிய இடத்தில் பச்சை ஒரு பொத்தான்போலத் திரண்டு, பிறகு அடுத்த செல்லுக்குள் நகர்ந்துவிடும். அதற்கும் முன்பே நடந்த ஒரு எளிய சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். செல்கள் வளரும் குடுவையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். வைரஸ் அதே வைரஸ்தான், செல்லும் அதே செல்தான். ஆட்டத்தில் செல்கள் நின்று ஒட்ட முடியாததால் வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைந்துபோனது.

சரி, பெயருக்கு வருகிறேன். நமக்கு இரண்டு சொல் வேண்டும் என்பதே இழையில் கலங்கிப்போயிருக்கிறது. ஒன்று நிகழ்வுக்கு: செல்லிலிருந்து செல்லுக்கு வைரஸ் நேராகப் போவது. இன்னொன்று அது நடக்கும் இடத்துக்கு, அதாவது ‘சினாப்ஸ்’ என்பதற்கு.

> ‘தொடுபரவல்’ சுருக்கமாக, எவருக்கும் புரிவதாக இருக்கிறதே ஐயா?

எவருக்கும் புரியும் என்பதுதான் என் பயமே. நான் பத்தாண்டுகளுக்கு மேல், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தேன். தினமும் நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று: தொடுவதால் பரவாது. சேர்ந்து சாப்பிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம், குழந்தையைத் தூக்கலாம், தொடுவதால் பரவாது. ஒரு வீட்டில் மருமகளுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்து, அதைத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாமியார் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். நாலு தடவை போய்ப் பேசிய பிறகு தம்ளர் வீட்டுக்குள் வந்தது. எய்ட்ஸை ‘ஆட்கொல்லி நோய்’ என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில் தொடங்கிய பயம் அது. இப்போது நாமே ‘எச்.ஐ.வி. தொடுபரவல்’ என்று ஒரு சொல்லைச் செய்து, அது பள்ளிப் புத்தகத்திலோ வாட்ஸ்அப்பிலோ தனியாகப் போய் விழுந்தால்? செல்லைப் பற்றியது என்ற குறிப்பு கூடவே போகாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. தொற்று, பரவல், தொடுகை ஆகிய மூன்றையும் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நடப்பதற்கே விட்டுவைப்போம். உடம்புக்குள் செல்களுக்கு நடுவே நடப்பதற்கு வேறு வேர்ச்சொல் எடுப்போம்.

இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. டென்ட்ரைட்டிக் செல் என்று ஒரு நோயெதிர்ப்புச் செல் இருக்கிறது. அது பல நேரம் தனக்குத் தொற்று வராமலே வைரஸைப் பிடித்து வைத்திருந்து, டி செல்லிடம் ஒப்படைத்துவிடும். ‘தொற்று’ என்று பெயர் வைத்தால் இதற்கு எப்படிப் பொருந்தும்? நான் நினைத்தது ‘கைமாற்று’. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகப் போவது, நடுவில் வேறு யாரும் கிடையாது. நிகழ்வு ‘செல்வழிக் கைமாற்று’. கொடுப்பது தருசெல், வாங்குவது பெறுசெல். (‘கொடுசெல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார், ‘கொடுவாள்’ மாதிரி கொடிய செல் என்று கேட்கிறது.)

அடுத்தது சினாப்ஸ். இதை வைரஸ் ஆய்வாளர்கள் புதிதாகச் செய்யவில்லை. 1897-இல் நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்துக்கு ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் பெயர் தேடினார். முதலில் அவர் நினைத்தது ‘சிண்டெசம்’. கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்த வெரால் என்பவரிடம் கேட்டபோது, அவர்தான் ‘சினாப்ஸ்’ என்று மாற்றச் சொன்னார். அதிலிருந்து பெயரடை நன்றாக வரும் என்பது காரணம். ஒன்றையொன்று பற்றிக்கொள்வது என்று பொருள். நாம் இங்கே செய்துகொண்டிருப்பதை அன்றைக்கு அவர்களும் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஊக்கம். பிறகு நோயெதிர்ப்புச் செல்கள் ஒட்டிப் பேசிக்கொள்ளும் இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. 2003-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸ் டி செல்லிலிருந்து டி செல்லுக்குத் தாவும் இடத்தைப் பார்த்தது. வைரஸ் சினாப்ஸ் என்ற பேச்சு அங்கே வந்தது. அடுத்த ஆண்டே எச்.ஐ.விக்கும் காட்டப்பட்டது. வைரஸ் தனக்கென்று ஒரு கட்டடம் கட்டவில்லை. நல்ல செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே எல்.எஃப்.ஏ.-1, ஐகாம்-1 என்ற பசைப் புரதங்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் நரம்பு, எதிர்ப்பு, வைரஸ் மூன்றுக்கும் அடிச்சொல் ஒன்றாக இருக்க வேண்டும். ‘நரம்பிணைப்பு’ என்றால் நரம்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. ‘வைரஸ் நரம்பிணைப்பு’ என்று எழுத முடியாது.

> ‘சந்தி’ போதாதா? நரம்புச் சந்தி, வைரஸ் சந்தி.

இரண்டு நாள் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். நிலைமொழியும் வருமொழியும் சேருகிற இடம் நமக்குச் சந்திதானே. ஆனால் சந்தியில் சேர்வது தெரிகிறது, ஒன்று கடந்து போவது தெரியவில்லை. கால்வாய், கணவாய் என்ற சொற்களில் உள்ள ‘வாய்’ அதைத் தரும். இணையும் இடம், அதுவே வழி: ‘இணைவாய்’. நரம்பு இணைவாய், எதிர்ப்பு இணைவாய், வைரஸ் இணைவாய். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

வணக்கம் அண்ணை.

‘தொடு’ வேண்டாம் என்றதை முழுமனதோடு ஏற்கிறேன். யாழ்ப்பாணத்தில் வகுப்பில் படிப்பிக்கிறவள் என்ற முறையில் இரண்டு திருத்தம் சொல்லலாமா?

கைமாற்று என்றால் எங்கட ஊரிலும் திருப்பிக் கொடுக்கவேண்டிய சின்னக் கடன். பிள்ளைகள் ‘எப்ப ரீச்சர் திருப்பிக் கொடுக்கும்?’ என்று கேட்கும். காணி கைமாறியது, காசு கைமாறியது என்கிறோமே, அதிலிருந்து ‘கைமாறல்’ என்று எடுத்தால் கடன் போய்விடும். ‘கைமாறு’ என்று நிறுத்தினால் நன்றிக்கடனாகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

மற்றது, ‘இணைவாய்’ தனியாக நின்றால் ‘நீ இணைவாய்’ என்று வினைமுற்றாக வாசிக்கப்படும். எங்களுக்குச் செல் இல்லை, கலம். தருகலம், பெறுகலம், கலவழிக் கைமாறல் என்று எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

*

தங்கச்சி, இரண்டும் சரி. ‘கைமாறல்’ என் சொல்லைவிட நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வினைமுற்றுச் சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை. ‘இணைப்புவாய்’ என்றால் இரண்டெழுத்து கூடினாலும் குழப்பம் தீர்கிறது. செல், கலம் இரண்டையும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் போடுவோம்; ஒன்றை ஒன்று விழுங்கத் தேவையில்லை.

நேற்று ஒருவர், இந்த வழியில் போகும் வைரஸை மருந்து தடுக்குமா என்று கேட்டிருந்தார். இணைப்புவாய் வழியே ஒரே நேரத்தில் பல வைரஸ்கள் ஒரு செல்லைச் சேர்வதால், ஆய்வகத்தில் தனி ஒரு மருந்து திணறுவதை 2011-இல் காட்டினார்கள். மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகத் தடுக்கிறது. சிகிச்சை மையங்களில் கொடுப்பதும் கூட்டு மருந்துதான். மாத்திரையைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இது இழையில் பதிவாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது உரக்கப் படித்துப் பார்த்து, எங்கே நாக்கு தடுக்குகிறது என்று சொல்லுங்கள்:

“உடலுக்குள், தொற்றுள்ள டி செல் இன்னொரு டி செல்லோடு ஒட்டும் இடத்தில் வைரஸ் இணைப்புவாய் உருவாகிறது, அதன் வழியே தருசெல்லிலிருந்து பெறுசெல்லுக்கு எச்.ஐ.வி. நேராகக் கைமாறுகிறது.”