புதுப்பிப்பு: ‘இஸ்மோ’, ‘இஸ்தா’ விதிக்கு அடங்காதவை

முந்தைய இழையில் சொன்னது: ஸ்பானிஷில் கொள்கைக்கு ‘இஸ்மோ’ (எல் சோசியலிஸ்மோ), ஆதரவாளருக்கு ‘இஸ்தா’ (சோசியலிஸ்தா). மீதியை இப்போது சேர்க்கிறேன்.

அதிகம் தடுக்குவது ஆண்பால், பெண்பால் வேறுபாட்டில்தான். ஆண் ஆதரவாளரைச் சொல்லும்போது பலர் ‘சோசியலிஸ்தோ’ என்கிறார்கள். அப்படி ஒரு சொல்லே கிடையாது. முன்சொல் (ஆர்ட்டிக்கிள்) மட்டும் மாறும்: எல் சோசியலிஸ்தா, லா சோசியலிஸ்தா. பன்மையில் லோஸ் அல்லது லாஸ் சோசியலிஸ்தாஸ்.

விதிக்கு அடங்காதவற்றை ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். லிபெராலிஸ்மோவின் (தாராளவாதம்) ஆதரவாளர் வெறும் லிபெரால். கோன்செர்வதுரிஸ்மோவுக்கு (பழமைவாதம்) ஆண் கோன்செர்வதோர், பெண் கோன்செர்வதோரா. நடுவில் ‘து’ ‘தோ’வாவதைக் கவனியுங்கள். தெமோக்ராசியாவுக்கு (ஜனநாயகம்) தெமோக்ரதா, இருபாலுக்கும் ஒன்றே.

தலைவர் பெயரிலிருந்து பிறந்தவை சுலபம்: அர்ஜென்டினாவின் பெரோனிலிருந்து பெரோனிஸ்மோ, பெரோனிஸ்தா. ஆள்பெயரிலிருந்து வந்தாலும் இவற்றைச் சிறிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கட்சியின் பெயருக்குத்தான் பெரிய எழுத்து.

வாக்கியத்தில், ‘இஸ்மோ’ கொள்கை எழுவாயானால் ‘எல்’ விடக்கூடாது. ‘நான் சோசலிஸ்ட்’ என்பதற்கு முன்சொல்லே வேண்டாம்: சோய் சோசியலிஸ்தா. அடைமொழி சேர்ந்தால் ‘ஒரு’ என்ற பொருளுள்ள ‘உன்’ வந்துவிடும்: எஸ் உன் சோசியலிஸ்தா கொன்வென்சிதோ (அவர் ஓர் உறுதியான சோசலிஸ்ட்).

ஸ்பெயினில் காதில் விழும் ‘ஃபாச்சா’ வலதுசாரிகளைத் தாக்கும் வசைச்சொல். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், கட்டுரையில் எழுதாதீர்கள்.