மிலிட்டரி மெடல்: எண் வேறுபடும் இரு பதக்கங்கள் ஒரே வீரருடையவையா?

கேள்வி: அஞ்சல்குறி

அனைவருக்கும் வணக்கம். முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் பதக்கங்களைச் சிறிய அளவில் சேர்த்து வருகிறேன். அண்மையில் வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த மிலிட்டரி மெடல் (போர்க்கள வீரத்துக்கான பதக்கம்) ஒன்றை வாங்கினேன். அதன் விளிம்பில் நான்கு இலக்கப் படை எண்ணும் வீரரின் பெயரும், அவற்றை அடுத்து டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரியின் 8ஆவது பட்டாலியன் என்பதற்கான சுருக்கமும், இறுதியில் 'டி.எஃப்.' என்ற எழுத்துகளும் உள்ளன. 1916 டிசம்பரில் வெளியான லண்டன் கெஸட்டில் (பிரிட்டிஷ் அரசிதழ்) அவர் பெயரைக் கண்டேன்; ஆனால் எந்தச் செயலுக்காக விருது என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. அந்த விவரம் வேறு எங்கேனும் கிடைக்குமா?

இன்னொரு ஐயமும் உண்டு. வேறொரு வியாபாரி அதே பெயருக்குரிய பிரிட்டிஷ் வார் மெடலை (போர்ப் பணிக்கான பொதுப் பதக்கம்) தருவதாகச் சொல்கிறார். அதில் படைப்பிரிவு ஒன்றுதான். ஆனால் எண் 3இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணாக இருக்கிறது. இரண்டும் ஒருவருடையவையே என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வெள்ளிவிளிம்பு

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணம் கைமாறுவதற்கு முன் தீர வேண்டியது அதுதான். 'டி.எஃப்.' என்பது டெரிடோரியல் ஃபோர்ஸை, அதாவது பகுதிநேரத் தொண்டர் படையைக் குறிக்கும். அந்தப் படையில் ஒவ்வொரு பட்டாலியனும் தனித்தனியே எண் கொடுத்து வந்ததால் ஒரே எண் பலரிடம் இருந்தது. இந்தக் குழப்பத்தை நீக்க 1917இன் தொடக்கத்தில் அனைவருக்கும் ஆறு இலக்க எண்கள் வழங்கப்பட்டன. டர்ஹம் 8ஆவது பட்டாலியனுக்கு ஒதுக்கப்பட்ட வரிசை 300001இல் தொடங்குகிறது. ஆகவே 1916இல் கிடைத்த வீரப்பதக்கத்தில் பழைய எண்ணும், போர் முடிந்தபின் அச்சிடப்பட்ட வார் மெடலில் புதிய எண்ணும் இருப்பது இயல்பே. வியாபாரி சொல்வது பொய்யாகத் தோன்றவில்லை.

ஆனாலும் பெயர் ஒத்துப்போவது மட்டும் போதாது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த டர்ஹம் ஊர்களில் ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள் ஒரே கம்பெனியில் பலர் இருந்தார்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ (போர் அலுவலகம்) 372 என்ற வரிசையிலுள்ள, அவர் பெற்ற பதக்கங்களைக் குறித்த அட்டையைத் தரவிறக்கிப் பாருங்கள். பல அட்டைகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இந்தப் பட்டாலியன் 1915 ஏப்ரலிலேயே பிரான்ஸுக்குச் சென்றது. முதல் அணியோடு போனவர் என்றால் அவருக்கு 1914-15 ஸ்டார் என்ற பதக்கமும் உண்டு, அதில் பழைய எண்தான் இருக்கும்.

வாங்குமுன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் சுற்றிப் பாருங்கள். அக்காலத்து வார் மெடலில் எழுத்துகள் அச்சுக் குத்தி அழுத்தப்பட்டவை. அவற்றின் ஓரம் சற்றே மழுங்கியிருக்கும். கையால் செதுக்கிய எழுத்தில் கோடு கூர்மையாகத் தொடங்கி மெலிந்து முடியும். பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயரைப் பொறித்திருந்தால், வெர்னியர் அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும்: விட்டம் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் குறையும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் குறையாது. தயவுசெய்து எந்தப் பதக்கத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். மன்னரின் மீசைக் கோடுகள் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வாரா.

பதில்: ஏடகம்

முதல் கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். மிலிட்டரி மெடல் 1916 மார்ச்சில் ஏற்படுத்தப்பட்டது. அதிகாரிகள் அல்லாத வீரர்களுக்கு மட்டும் உரியது. முதல் உலகப் போருக்காக மட்டும் 1,15,000க்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. இத்தனை பேருக்கும் செயல்விளக்கம் அச்சிட இயலாதென்று கெஸட்டில் பெயர்ப்பட்டியலோடு நிறுத்திவிட்டார்கள். பரிந்துரைத் தாள்களும் பெரும்பாலும் எஞ்சவில்லை. வீரர்களின் பணிக் கோப்புகளிலும் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்டம்பரில் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. தப்பியவை டபிள்யூஓ 363 என்ற வரிசையில் கருகிய ஓரங்களோடு இருக்கின்றன. அவர் கோப்பு அதில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. (இரண்டாம் உலகப் போரின் பதக்கம் என்றால் டபிள்யூஓ 373இல் பரிந்துரை முழுவதுமே கிடைத்திருக்கும். ஆஸ்திரேலியர் என்றால் முதல் போருக்கே கிடைத்திருக்கும். சேகரிப்பாளர்கள் ஆஸ்திரேலியப் பதக்கங்களுக்கு ஆலாய்ப் பறப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.)

எனவே கெஸட் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டியதுதான். 1916இல் செயலுக்கும் அறிவிப்புக்கும் இடையே பொதுவாக இரண்டு முதல் நான்கு மாதங்கள் ஆயின. டர்ஹம் 8ஆவது பட்டாலியன் 50ஆவது டிவிஷனின் 151ஆவது பிரிகேடில் இருந்தது. அந்த டிவிஷன் செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் நடந்த சோம் போரில் ஃப்ளேர் - கூர்ஸெலெட் தாக்குதலில் இறங்கியது. அக்டோபர் 1 அன்று ஓகூர் லாபே அருகே 151ஆவது பிரிகேட் தாக்கியபோது காட்டிய வீரத்துக்குத்தான் டர்ஹம் 9ஆவது பட்டாலியனின் தளபதி ரோலண்ட் பிராட்ஃபோர்டு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்றார். உங்கள் வீரரின் விருதுக்குரிய செயல் இந்த இரண்டு வாரங்களுக்குள் அடங்கும் என்றே கருதுகிறேன். டபிள்யூஓ 95இல் பட்டாலியனின் போர் நாட்குறிப்பை அந்த நாட்களுக்கு வாசித்துப் பாருங்கள்.

பதில்: மூன்றாம்பிரிகேட்

ஏடகம் அவர்களின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். எனினும் இந்தப் பட்டாலியனைப் பொறுத்தவரை அதைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. 1916 நவம்பர் 5 அன்று இதே 6, 8, 9ஆவது டர்ஹம் பட்டாலியன்கள் இடுப்பளவு சேற்றில் பூட் த வார்லன்கூர் என்ற மேட்டின்மீது பாய்ந்து, பெரும் இழப்போடு பின்வாங்கின. டிசம்பர் இறுதியில் வந்த கெஸட் என்றால் அந்த நாளையும் விலக்க முடியாது. துல்லியமான தேதியைக் குறிப்பிடாமல் 'டிசம்பர்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. மிலிட்டரி மெடலை வழங்கும் அதிகாரம் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதிக்கே இருந்தது. அவர் ஒப்புதல் அளித்தவுடன் வீரருக்குப் பதக்கத்தின் நாடா கிடைத்துவிடும். கெஸட் அறிவிப்பு அதற்குப் பல வாரம் கழித்து வரும். அந்த ஒப்புதல்கள் டிவிஷன் தலைமையகத்தின் அன்றாட ஆணைகளில் பெயரோடு வந்ததுண்டு. எனவே பட்டாலியன் நாட்குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். அதிலே சாதாரண வீரர் பெயர் வருவதே அரிது. 50ஆவது டிவிஷனின் நிர்வாகக் கிளை வைத்திருந்த நாட்குறிப்பையும் அதன் இணைப்புகளையும் டபிள்யூஓ 95இலேயே தேடுங்கள். அக்டோபர் ஆணையில் பெயர் இருந்தால் நவம்பர் 5 தானாக விலகிவிடும். டர்ஹம் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இந்தப் படைப்பிரிவின் ஆவணங்கள் இருக்கின்றன. உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஊர்க்காரருக்குப் பதக்கம் என்று பத்து வரிச் செய்தியும், சில வேளைகளில் வீட்டுக்கு எழுதிய கடிதமும் வந்திருக்கும்.

இவையெல்லாம் கிடைக்கும்வரை, சேகரிப்பு அட்டையில் 'சோம், 1916, செயல் நாள் உறுதியில்லை' என்று எழுதுங்கள். விற்பனைப் பட்டியல்களில் இத்தகைய ஊகங்கள் இரண்டாம் கை மாறுவதற்குள் உண்மையாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அஞ்சல்குறி:

மூவருக்கும் நன்றி. பதக்க அட்டையில் இரண்டு எண்களும் இருக்கின்றன. வார் மெடலை வாங்கப் போகிறேன். கெஸட் தேதி டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வாரம். டிவிஷன் நாட்குறிப்பைத் தரவிறக்கி, அக்டோபர் இணைப்புகளிலிருந்து தொடங்குகிறேன்.