உங்கள் கதையில் வந்த ஆள் நேரில் வந்து நின்றதுண்டா?

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'கரு எங்கே கிடைத்தது' என்று பேசிப் பேசி அலுத்துவிட்டது. நான் கேட்பது வேறு. யாரை மனசில் வைத்து எழுதினீர்களோ, அந்த ஆளே கதையைப் படித்துவிட்டு வந்து கேட்டிருக்கிறாரா? எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். சின்னப் பிள்ளையில் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனவர். எழுபதுகளில் எங்கள் பக்கம் அது சாதாரணம். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து ஆரன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்துதான் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். குச்சி அடுக்கும் சட்டத்தைக் கட்டை என்போம்; அந்தக் கட்டைக் கணக்குக்குக் கூலி. இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே சொல்வார். புலம்பல் இருக்காது. வேறு யாருக்கோ நடந்ததுபோல இருக்கும்.

இது என்னிடம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. எழுத உட்கார்ந்தால் கட்டுரையாக வரும். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக எழுதியாயிற்று, இதில் நான் வேறு எதற்கு என்று மூடி வைத்துவிடுவேன். அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை. கண்ணெதிரே அதன் பஸ் கிளம்பிப் போய்விட்டது. அழவில்லை, ஓடவுமில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ரிப்பனை அவிழ்த்துப் பல்லில் கடித்துக்கொண்டு, நிதானமாகத் தலையை மறுபடி பின்ன ஆரம்பித்தது. அங்கேயே கதை வந்துவிட்டது. ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு சிறுமிக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

என் மட்டில் ஒரு சம்பவம் தனியாகக் கதையானதே இல்லை. சம்பந்தமில்லாத இன்னொன்று எங்கிருந்தோ வந்து அதோடு ஒட்ட வேண்டும். அது வரும்வரை அவசரப்படாமல் கிடப்பதுதான் பெரிய பாடு. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அவருடைய முதல் கதை 'சரஸ்வதி' பத்திரிகையில் வந்தது 1958-இல், அவருக்கு 35 வயது ஆகும் சமயத்தில். அதுவரை என்ன செய்தார் என்றால், சம்சாரித்தனம் (விவசாயம்) பார்த்துக்கொண்டு ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். இருபது வயதில் தொகுப்பு வரவில்லையே என்று புலம்பும் தம்பிமார் கவனிக்க.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கதை அச்சில் வந்தது. பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கே பெரியம்மா என் வாசலில்.

"ஏலே, நான் ஒரு நாளாவது பஸ்ஸ விட்டிருக்கேனா? யாருல உனக்குச் சொன்னது?"

பட்டினியை எழுதியிருந்தேன், அப்பன் குடித்ததை எழுதியிருந்தேன். அதற்கெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸை விட்டதாக எழுதியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "கதைதானே பெரியம்மா" என்றேன். "கதைன்னா பொய் சொல்லலாமா? ராத்திரி தூக்குவாளியக் கையில கயித்தால கட்டிக்கிட்டுப் படுப்பேன். புரண்டா சத்தம் கேக்கும், முழிச்சுக்குவேன். இந்தத் தெருவுல பாதிப் பிள்ளைகள நாந்தான எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன்!"

அத்தனை வருஷப் பேச்சில் வராத தூக்குவாளி, கோபத்தில் வந்தது. கதையில் நான் கை வைக்கவில்லை. அந்தச் சிறுமி பஸ்ஸை விட்டவள்தான், அவளுக்கு அந்தப் பகல் வேண்டும். தூக்குவாளி வேறு கதைக்கு என்று நோட்டில் ஏறியிருக்கிறது. இனி அதற்கு ஒரு ஜோடி கிடைக்க வேண்டும்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி (சென்னை)

அண்ணா, "கதைன்னா பொய் சொல்லலாமா"வில் சிரித்துவிட்டேன். உங்கள் பெரியம்மா வந்து கத்தினார். என் மாமியார் கத்தவே இல்லை, அதுதான் பிரச்சினை.

நான் நர்ஸ். நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு மேல் வார்டு கொஞ்சம் அடங்கும். அப்போது போனில் டைப் அடித்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வேன். நடுவில் ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று யாராவது கூப்பிடுவார்கள், வாக்கியம் பாதியில் நிற்கும். திரும்பி வந்தால் என்ன எழுத நினைத்தேன் என்பது போயிருக்கும். ஆனால் அப்படி அறுந்த இடங்கள்தான் பிறகு படிக்க நன்றாக இருக்கின்றன. விளக்கம் எழுதவேண்டிய இடத்தில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் போல.

மருமகளின் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு மாமியாரைப் பற்றி எழுதினேன். எழுதும்போது தைரியம்தான். பத்திரிகை வீட்டுக்கு வந்த அன்று கை நடுங்கியது. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். மடித்து டீவி மேல் வைத்தார். "எனக்கு மூக்குத்தி வலப் பக்கம். நீ இடப் பக்கம்னு எழுதியிருக்கே" என்றார். போய்விட்டார்.

மூக்குத்தியை வேண்டுமென்றேதான் இடம் மாற்றினேன், அவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாமே என்று. அந்தச் சால்ஜாப்பையும் பிடுங்கிக்கொண்டார். கார்டு பற்றி இன்றுவரை பேச்சில்லை. கார்டும் இன்னும் வரவில்லை.

ஒரு சந்தேகம்: நீங்களெல்லாம் கேட்டுவிட்டு எழுதுவீர்களா?

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

கேட்டால் எழுத முடியாது தங்கச்சி. கேட்ட நிமிஷமே அவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள்! பேர், தெரு, தொழில் மூன்றையும் மாற்றிவிடுவேன், பேச்சை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வேன்.

தனி ஆள் என்றால் இப்படிச் சமாளிக்கலாம், ஊரே கோபித்துக்கொண்டால் கதை வேறு. எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு 'மாதொருபாகன்' நாவலுக்கு ஊரில் எழுந்த எதிர்ப்பில் நடந்தது தெரியும்தானே. 2015 ஜனவரியில், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்றே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்பினார். திரும்பி வந்து எழுதிய நாவல் ஒரு வெள்ளாட்டைப் பற்றி. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, மாடு, பன்றி பற்றியும் எழுதக்கூடாது, மிச்சமிருப்பது ஆடுதான் என்கிற மாதிரி முன்னுரையில் சொல்லியிருப்பார். குத்தல்தான், ஆனால் எனக்கு அதில் வேறொன்று பிடித்தது. ஒரு கதவைச் சாத்தினால் ஆட்டுப்பட்டி வழியாக உள்ளே வந்துவிட்டார் மனுஷன்.

பழைய பேப்பர் (வத்தலக்குண்டு)

நான் எழுதுகிறவன் இல்லை தம்பி, வாசிக்கிறவன். இருந்தாலும் ஒரு சங்கதி உண்டு. கதையில் வந்த ஆள் என்று சொல்ல முடியாது, கதையில் வந்திருக்க வேண்டிய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ராசி அப்படி. எழுத்தாளர்கள் ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா எல்லாரும் வத்தலக்குண்டுக்காரர்கள். சி.சு. செல்லப்பா இங்கே வளர்ந்தவர். விடாப்பிடி என்று பேச்செடுத்தால் எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்து 1970 வரை இழுத்துப் பிடித்து நடத்தினார். புத்தக மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலின் மூன்று பாகத்தையும் 1997-இல், 85 வயதை ஒட்டி, தானே பதிப்பித்தார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். சாகித்ய அகாதெமிக்காரர்கள் 2001-இல் அந்த நாவலுக்கு விருது கொடுத்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை.

என் தாய்மாமா அந்தக் காலத்தில் மாடு பிடித்தவர். தொடையில் கொம்பு கிழித்த தழும்பு உண்டு. எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு அவருக்குச் செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் கதையான 'வாடிவாசல்' வாசித்துக் காட்டினேன். பட்டணத்து ஆள் எழுதியது என்று முதலில் இளக்காரமாகத்தான் கேட்டார். மாடு வாடிவாசலில் நின்று கூட்டத்தை நிதானிக்கிற இடம் வந்ததும், "நிறுத்து, அத மறுபடி படி" என்றார். படித்தேன். "இந்தாளு தொழுவத்துக்குள்ள நின்னு பாத்திருக்கான்டா" என்றார். என்னைக் கேட்டால், கட்டாயம் பார்த்துத்தான் எழுதியிருப்பார். செல்லப்பா கேமராவும் கையுமாக ஜல்லிக்கட்டுக்குப் போய்ப் படம் எடுத்தவர்.

முடிவுதான் மாமாவுக்கு ஆகவில்லை. தோற்ற தன் காளை காரியை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார் இல்லையா, அதற்காக அந்தப் பொங்கல் முழுக்க என்னோடு சண்டை. "பிடிபட்ட மாட்டச் சுடுவாங்களா? அடுத்த வருசம் அவுத்துவிட்டுப் பாக்க மாட்டானா?" ஜமீன்தாரின் கௌரவம், அது இது என்று நான் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. "எழுதுனவன் விலாசம் இருந்தாக் குடு, ஒரு கார்டு போடணும்" என்றார். செல்லப்பா அப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். "அப்ப வித்தவன் விலாசத்தக் குடு" என்றார்.