கோயில் கணினியின் பாஸ்வர்ட் தெரியவில்லை, ஃபார்மட் இல்லாமல் திறக்க முடியுமா?

சிப்புட்_தோட்டம் கேட்டது:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலின் மேசைக் கணினி, விண்டோஸ் 10. பழைய செயலாளர் ஜொகூருக்கு மாறிப் போய்விட்டார். அவருக்கும் பாஸ்வர்ட் நினைவில்லை, திறந்துகொள்ளச் சொல்லிவிட்டார். திரையில் மின்னஞ்சல் எதுவும் இல்லை, 'செயலாளர்' என்ற பெயர் மட்டும். உள்ளே யூபிஎஸ் (UBS) என்ற கணக்கு மென்பொருளில் போட்ட கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையும் இருக்கின்றன. டவுன் கடையில் ஃபார்மட்தான் என்கிறார்கள்.

விசைப்பலகை:
கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பயனர் பெயரே தமிழில் என்றால் தமிழ் விசைப்பலகையும் போட்டிருப்பார்கள். திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறி தெரிகிறதா? விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பாஸ்வர்ட் கட்டத்தில் ஏதாவது தட்டி, ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்று தெரியும். கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டும் பாருங்கள். பாதிக் கேஸ் இதிலேயே முடியும்.

சிப்புட்_தோட்டம்:
ஆங்கிலத்துக்கு மாற்றியும் பார்த்தாயிற்று ஐயா. தவறு என்றுதான் வருகிறது.

பழைய_கிராணி:
மின்னஞ்சல் இல்லாததால் அது லோக்கல் கணக்கு, அதாவது அந்தக் கணினியில் மட்டும் உள்ள கணக்கு. மைக்ரோசாப்ட் தளத்தில் மாற்ற முடியாது. தவறான பாஸ்வர்ட் கொடுத்ததும் கீழே 'ரீசெட் பாஸ்வர்ட்' வரும். அதில் 3 கேள்விகள் கேட்டால் ஜொகூர்க்காரரைப் போனில் வைத்துக்கொண்டே பதில் தட்டுங்கள். கேள்வி வராமல் ரீசெட் டிஸ்க் (முன்பே செய்து வைத்திருக்க வேண்டிய மீட்பு பென்டிரைவ்) கேட்டால் அந்த வழி அடைப்பு. பொருளாளருக்குத் தனி அட்மின் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து கண்ட்ரோல் பேனலில் மாற்றலாம். கோப்புகள் அப்படியே இருக்கும், பிரவுசரில் சேமித்த பாஸ்வர்டுகள் போய்விடும்.

எதுவும் இல்லையென்றால் முதலில் தரவை வெளியே எடுங்கள். வேறு கணினியில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் எழுதுங்கள். அது விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், கவனம். பூட்டிய திரையின் பவர் படத்தில் ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் முழுதாக அணையாது, மின்ட் அந்த டிரைவைத் திறக்கத் தகராறு செய்யும். பென்டிரைவ் செருகியிருக்க, கணினி மீண்டும் தொடங்கும்போது டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 தட்டி பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் பக்கம் போகவே வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். டிரைவைத் திறந்து யூசர்ஸ் ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். டிரைவ் சாவி கேட்டால் அது பிட்லாக்கர், விண்டோஸின் டிரைவ் பூட்டு. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் யாராலும் முடியாது.

கணக்கு_வழக்கு:
யூபிஎஸ் தரவு டாக்குமெண்ட்ஸில் இருக்காது. சி டிரைவைத் திறந்ததும் யூபிஎஸ்ஏசிசி (UBSACC) என்று தொடங்கும் ஃபோல்டர் தெரியும், அதை முழுதாக எடுங்கள். பலர் யூசர்ஸை மட்டும் எடுத்துவிட்டு ஃபார்மட் செய்து கணக்கைத் தொலைக்கிறார்கள். நகலை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே ஃபார்மட். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. கணினி தாங்குமென்றால் புதிதாகப் போடும்போதே 11 போட்டுவிடுங்கள். பழைய கணினியாக இருந்தால் 11 ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும்.

சிப்புட்_தோட்டம்:
3 கேள்வியும் வந்தது. அண்ணனைப் போனில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எதற்கும் பென்டிரைவ் ஒன்று வாங்க ஆள் அனுப்பியாயிற்று.