உஸ்தாத் ஹோட்டல் பார்த்து உங்கள் வீட்டு நினைவு வந்தவர்கள் எழுதுங்கள்

கிளிநொச்சி:
கதையை விரிக்கவில்லை. 2012இல் வந்த மலையாளப் படம், துல்கர் சல்மானும் திலகனும் நடித்தது. மகன் சுவிஸில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறான் என்று அப்பா நம்பியிருக்க, அவன் சமையல் படித்துவிட்டு வருவான். பாஸ்போர்ட் அப்பா கைக்குப் போகிற இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

ஏ.எல் (உயர்தரம்) முடித்துச் சமையல் கோர்ஸில் சேர்ந்த வருடம், கொழும்பிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தது. ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது, நான்தான் காய்ச்சினேன். நந்திக்கடல் இறால், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை. மாவைக் கரைத்து விட்டபின் அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறித் தோள் விட்டுப்போனது. பெரியப்பா இரண்டாம் தரமும் பனையோலைப் பிளாவை நீட்டி, "ஆர் காய்ச்சினது?" என்றார். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டு ஆச்சி" என்றார்.

முல்லைத்தீவு:
தம்பி, அப்பாவைக் கெட்டவராக்க வேண்டாம். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் என் அப்பா பொதுச் சமையலுக்கு நின்றவர். கிடாரத்துச் சோறு முடிந்த பிறகும் ஒரு சின்னப் பிள்ளை கோப்பையை நீட்டியபடி நின்றது. அப்பா அகப்பையால் அடியைச் சுரண்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் அவர் அடுப்புப் பக்கமே போனதில்லை. படத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிற மதுரைக் காட்சி வந்ததும் எழும்பி வெளியே போய்விட்டார். சமையல் வேண்டாம் என்கிற எல்லா அப்பாவும் கௌரவம் பார்க்கிறவர் இல்லை.

வவுனியா:
நான் அம்மாவோடு பார்த்தேன், சுலைமானித் தேநீர்க் காட்சியில் அம்மா அழுதா. அது இருக்கட்டும். கிளிநொச்சித் தம்பி, என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) நான்காம் தரத்தை எடுத்து முடியுங்கள். கையில் சான்றிதழ் இல்லாமல் வளைகுடா போனால் கோப்பை கழுவுவதிலேயே வருடம் போய்விடும். ஊரிலேயே கடை என்றால் ஏ9 வீதிக் கரையில் போடுங்கள், ஆனால் கொத்து ரொட்டியை நம்பிப் போடாதீர்கள், அது எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூழ் மட்டும் விற்றுப் பாருங்கள். கணக்குக் கொப்பி முதல் நாளே தொடங்குங்கள். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார், தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பார். சொந்தக்காரருக்குக் கடன் வேண்டவே வேண்டாம்.

கிளிநொச்சி:
முல்லைத்தீவு அக்கா, நான் அப்பாவைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. வவுனியா அண்ணை, கடை பற்றி நான் கேட்கவும் இல்லை. அப்பா என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஆச்சி பெயரைச் சொன்னார். பார்க்காமல் சொல்லியிருந்தால் இத்தனை வருடம் இது மனதில் கிடந்திருக்காது.