குழந்தையின் எக்ஸிமாவுக்கு பாக்டீரியா ஸ்ப்ரே: போட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

என் மகளுக்கு நாலு வயசு. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்). தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் தலையணை உறையெல்லாம் ரத்தப் பொட்டு. ஸ்டீராய்டு களிம்பில் அடங்குகிறது, நிறுத்தினால் பத்தே நாளில் திரும்ப வந்துவிடுகிறது.

ஆரோக்கியமான தோலில் இருக்கும் ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற பாக்டீரியாவைத் தோலில் தெளிக்கும் சிகிச்சை பற்றிப் படித்தேன். 3 முதல் 16 வயது வரையான 20 பிள்ளைகளில் 17 பேருக்கு எக்ஸிமா பாதிக்கு மேல் குறைந்ததாக 2020-ல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் அதே பாக்டீரியாவை வைத்து நடந்த பெரிய சோதனை 2021-ல் தோற்றுவிட்டது. அங்கேதான் குழம்பி நிற்கிறேன். (நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தாச்சு, ஒன்றும் நடக்கவில்லை.)

யாராவது பிள்ளைக்குத் தெளித்தீர்களா? அரிப்பு குறைய எத்தனை வாரம் ஆச்சு? களிம்பையும் கூடவே போட்டீர்களா? வெடித்த தோலில் எரிந்ததா? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அவரிடம் என்ன கேட்கலாம் என்று சொன்னாலும் போதும்.