நண்பனின் விசித்திரச் சேகரிப்பை ஃபிலிமில் எடுப்பது எப்படி?

கேள்வி:
நண்பன் ஒருவன் கண்ணாடிக் கண்கள், சாவி தொலைந்த பூட்டுகள், தலையில்லாத பொம்மைகள் என்று அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறான். அவன் வீடு மாறுவதற்குள் எல்லாவற்றையும் படமெடுத்துவிட ஆசை. என்னிடம் இருப்பது 50 மி.மீ. லென்ஸும் ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளைச் சுருள் இரண்டும்தான். கண்ணாடிக் கண்ணில் என் முகமே தெரிகிறது. என்ன செய்வது?

பதில்:
கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள். முகம் போய்விடும். வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும், ஆனால் முக்காலி கட்டாயம். ஜன்னலின் பிம்பம் கண்ணில் சின்னப் புள்ளியாக நிற்கும். அதை விட்டுவிடுங்கள், அது இல்லையென்றால் கோலிக்குண்டு மாதிரி இருக்கும்.

பதில்:
நெருங்கி எடுக்க எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் போடும் வெற்றுக் குழாய்) மாட்டினால் ஒளி குறையும். பொருள் தன் முழு அளவிலேயே ஃபிலிமில் விழும்போது சுமார் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி, கூட்ட வேண்டும். லென்ஸ் வழியாக ஒளியை அளக்கும் மீட்டர் கேமராவில் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கையில் பிடித்து அளக்கும் தனி மீட்டரை நம்பி ஒரு சுருள் முழுவதையும் இருட்டாக்கியவன் நான்.

கேட்டவர்:
சரி, அட்டை வேலை செய்கிறது! அப்புறம், தலையில்லாத பொம்மைகளை வரிசையாக நிறுத்தி எடுக்கச் சொல்கிறான். குடும்பப் படமாம்.